சிவப்புக் கார் வெளியேற 51 நகர்வுகள்

வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்காகப் பிள்ளைச்சாவடிக்குப் போயிருந்தோம். ஈ.சி.ஆர். ஓரத்தில் கல்யாண மண்டபம். கார்கள் நிற்க, பக்கத்தில் இருந்த சுற்றுச்சுவர் போட்ட காலி மனையைத் திறந்து விட்டிருந்தார்கள். விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்ததால் எங்கள் காருக்கு உள்ளே சுவரோரம் இடம் கிடைத்தது. அதுதான் வினையானது. தாலி கட்டி, பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வெளியே வந்தால், எங்கள் காருக்கு முன்னால் ஒரு வேன். வேனை ஒட்டிக் குறுக்காக இன்னொரு பெரிய வண்டி. அதன் பின்னால் இரண்டு சின்னக் கார்கள்.

சாவிகள் எல்லாம் வண்டி நிறுத்திக் கொடுக்கும் அண்ணனிடம் இருந்தன. "வேனை எடுத்தா போதும்ல அண்ணே?" என்று கேட்டேன். "வேன எங்க சார் எடுக்கிறது? கொஞ்சம் நெழல்ல நில்லுங்க" என்றார். ஒரு நிமிடம் மனையை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றவர், எங்கள் வண்டிக்குச் சம்பந்தமே இல்லாமல், வாசலோரம் நின்ற ஒரு சின்னக் காரை முதலில் எடுத்தார். அதற்குப் பக்கத்துக் காலி இடத்தில் காலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. நான் வந்தபோது அந்த இடத்தில்தான் நிறுத்தப் பார்த்தேன், விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வண்டிக்கு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காரை அங்கே கொண்டுபோய்ச் செருகினார். பிறகு வேறொன்று, அப்புறம் இன்னொன்று. பாதி வழியில் எங்கள் கார் வாசலை நெருங்கிவிட்டது. அப்பாடா என்று கதவருகே போனேன். அவரோ அதைத் திரும்பப் பின்னால் தள்ளி நிறுத்தினார்! மனது பதறிவிட்டது. அதற்கப்புறம் நாலே நகர்வில் நாங்கள் சாலையில் இருந்தோம்.

வாசலுக்கு வந்த வண்டியை எதற்காகப் பின்னால் அனுப்ப வேண்டும்? வீடு வந்து சேர்ந்த பிறகும் இந்தக் கேள்வி விடவில்லை. இதே கேள்வியைத் தட்டுக்குள் அடைத்து வைத்த ஒரு பொம்மை உண்டு. அதைப் பற்றிக் கணினி அறிவியலார் பத்தாண்டுக் கணக்கில் மண்டையைக் குடைந்திருக்கிறார்கள்.

அந்தப் பொம்மையின் பெயர் 'ரஷ் ஹவர்'. ஜப்பானின் புகழ்பெற்ற புதிர்க்காரர் நோபுயுகி யோஷிகஹாரா 1970களில் உருவாக்கியது. 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபின் உலகமெங்கும் பரவியது. இன்று கைப்பேசியில் 'டிராஃபிக் ஜாம்', 'கார் பார்க்கிங்' என்று நம் பிள்ளைகள் விளையாடும் பல ஆட்டங்கள் அதன் வாரிசுகளே. ஆறுக்கு ஆறு கட்டம் கொண்ட தட்டு. இரண்டு கட்ட நீளத்தில் கார்கள், மூன்று கட்ட நீளத்தில் லாரிகள். எந்த வண்டியும் திரும்பாது. படுக்கையாக நிற்பது இடம் வலமாக மட்டும், நெட்டாக நிற்பது மேலும் கீழுமாக மட்டும் நகரும். மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு சிவப்புக் கார். அந்த வரிசையின் வலது முனையில் வாசல். சிவப்புக் காரை வெளியே கொண்டுவர வேண்டும். விதி இவ்வளவுதான்.

ஒரு வண்டியை ஒரே இழுப்பில் எத்தனை கட்டம் தள்ளினாலும் அதை ஒரு நகர்வு என்று கணக்கு வைப்போம். இந்தத் தட்டில் அமைக்கக்கூடிய புதிர்களிலேயே மிகக் கடினமானதற்கு, ஆகச் சிறந்த விடையே 51 நகர்வு. அந்தப் புதிரை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதில் 13 வண்டிகள், 7 காலிக் கட்டங்கள். சிவப்புக் கார் வாசலிலிருந்து ஒரே கட்டம் தள்ளி நிற்கிறது. நடுவில் ஒரே ஒரு லாரி.

அதை நகர்த்திப் பார்ப்போம். லாரி நெட்டாக, வாசலை மறித்து நிற்கிறது. வாசல் வரிசைக்கு மேலே இரண்டு வரிசைகள்தான் உண்டு. மூன்று கட்ட லாரி அங்கே அடங்காது. ஆகவே அது கீழே போய்த்தான் தீர வேண்டும். கீழே ஒரு படுக்கைக் கார் தடுக்கிறது. அது இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அங்கே ஒரு நெட்டுக் கார். அந்த நெட்டுக் கார் மேலே போனால்தான் வழி. அதன் தலைக்கு மேல் நிற்பது யார்? நம் சிவப்புக் காரேதான். ஆக, சிவப்புக் கார் முதலில் பின்னால் போக வேண்டும். அதன் முதுகில் இன்னொரு நெட்டுக் கார். அது மேலே போக மேல்வரிசைக் கார் மறிக்கிறது. கீழே போக ஒரு படுக்கை லாரி மறிக்கிறது. அந்தப் படுக்கை லாரி வலக்கோடி வரை போனால்தான் வழிவிடும். அந்தக் கோடியில் நிற்பதோ, வாசலை மறிக்கிறதே, அதே முதல் லாரி.

சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம். நாம் எல்லோரும் இயல்பாக யோசிக்கும் முறை இதுதான். 'இது நகர அது நகர வேண்டும், அது நகர வேறொன்று' என்று கோக்கப்படும் சங்கிலி. அதைத் தேவைச் சங்கிலி என்று சொல்லலாம். எளிய புதிரில் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஏதாவது ஒரு காலியிடத்தில் போய் முடியும்; கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு வந்தால் தீர்ந்தது. கடினமான புதிரில் சங்கிலி தன் வாலையே கவ்விக்கொள்கிறது. நாற்சந்தியில் நான்கு பக்கமும் வண்டி புகுந்து, யாரும் யாருக்கும் வழிவிட முடியாமல் நிற்பதும் இதே முடிச்சுதான்.

முடிச்சை அவிழ்க்க, வண்டிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்க்கப் பழக வேண்டும்.

தட்டை மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். எந்தெந்த வண்டி எங்கெங்கே நிற்கிறது என்பது அதில் இருக்கும். அந்தப் போட்டோ ஒன்றை ஒரு 'நிலை' என்போம். ஒரு காரை நகர்த்தி இன்னொரு போட்டோ எடுத்தால் அது வேறொரு நிலை. ஒவ்வொரு நிலையையும் ஒரு ஊர் என்று வைத்து, ஒரே நகர்வில் மாறிக்கொள்ளக்கூடிய இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு சாலை போடுங்கள். எல்லா ஊர்களும் எல்லாச் சாலைகளும் சேர்ந்த வரைபடத்துக்கு நிலைவெளி என்று பெயர் வைக்கலாம். இப்போது புதிர் என்பது வண்டி நகர்த்துவதல்ல. ஒரு ஊரிலிருந்து புறப்பட்டு, சிவப்புக் கார் வாசலில் நிற்கும் ஏதாவது ஓர் ஊருக்கு வழி கண்டுபிடிப்பது.

தட்டில் அருகில் இருப்பதும் நிலைவெளியில் அருகில் இருப்பதும் ஒன்றல்ல என்பது இங்கே விளங்கிவிடும். பிள்ளைச்சாவடிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துண்டு துண்டான எல்லைகளின் மிச்சம் அது. அங்கிருந்து புதுச்சேரி நகரத்துக்கு வர, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டு மண்ணைத் தாண்டித்தான் வர வேண்டும். சொந்த ஊரிலிருந்து சொந்த ஊருக்குப் போக வேற்று எல்லை வழியே பாதை. சிவப்புக் காரும் அப்படித்தான்: வாசலை அடைய, வாசலை விட்டு விலகும் நிலைகளைக் கடந்தாக வேண்டும். எங்கள் காரைப் பின்னால் தள்ளிய அண்ணனின் மனசில் இந்த வரைபடத்தின் ஒரு துண்டு இருந்திருக்கிறது.

நிலைவெளி எவ்வளவு பெரியது? ஆறு கட்ட வரிசையில் ஒரு கார் 5 விதமாக நிற்கலாம். ஒரு லாரி 4 விதமாக. பெட்டியில் வரும் 12 கார்களையும் 4 லாரிகளையும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நிறுத்தினால் 6,250 கோடி விதங்கள். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏற முடியாதே! முட்டிக்கொள்ளும் அமைப்புகளைக் கழித்தபின், நல்லதொரு புதிரில் அதன் தொடக்க நிலையிலிருந்து போய்ச் சேரக்கூடிய நிலைகள் பெரும்பாலும் சில ஆயிரங்களாகச் சுருங்கிவிடும். மனிதருக்கு அது காடு. கணினிக்குக் கொல்லைப்புறம்.

அந்தக் காட்டில் கணினி வழி தேடும் முறையை ஒரு குளத்தில் பார்க்கலாம். கல்லெறிந்தால் வளையம் வளையமாக அலை பரவும். தொடக்க நிலைதான் கல் விழுந்த இடம். ஒரே நகர்வில் எட்டக்கூடிய நிலைகள் முதல் வளையம். முதல் வளையத்திலிருந்து இன்னொரு நகர்வில் எட்டக்கூடிய, ஏற்கெனவே பார்க்காத நிலைகள் இரண்டாவது வளையம். பார்த்ததையெல்லாம் ஒரு பேரேட்டில் குறித்துக்கொண்டே போனால் ஒரே இடத்தில் சுற்றமாட்டோம். சிவப்புக் கார் வாசலில் நிற்கும் நிலை எந்த வளையத்தில் முதலில் தட்டுப்படுகிறதோ, அந்த வளையத்தின் எண்தான் விடையின் நீளம். இதற்கு அகலத் தேடல் என்று பெயர். எனக்கு இதில் பிடித்தது, விடை கிடைக்கும்போதே 'இதைவிடக் குறைவாக முடியாது' என்ற நிரூபணமும் கூடவே கிடைத்துவிடுவதுதான். 51ஆவது வளையத்தில் வாசல் தென்பட்டதென்றால், முந்தைய 50 வளையங்களிலும் ஒன்றுவிடாமல் பார்த்தாயிற்று, அங்கே இல்லை என்று பொருள்.

சரி, மற்றெல்லாப் புதிர்களையும்விட இதுதான் கடினம் என்று எப்படித் தெரியும்? இங்கே குளத்தில் கல்லைத் தலைகீழாக எறிய வேண்டும். நகர்வுகள் எல்லாமே திரும்பப் போகக்கூடியவை. காரை இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கமும் தள்ளலாம். ஆகவே தீர்ந்து முடிந்த நிலைகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் அலையைக் கிளப்பிவிட்டு, அது கடைசியாகப் போய்த் தொடும் இடத்தைப் பார்த்தால் போதும்: வாசலிலிருந்து ஆகத் தொலைவில் இருக்கும் நிலை அது. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த கோலெத், ராஸ்கின், செர்வே என்ற மூவர் 2006இல் இந்த வேட்டையில் இறங்கினார்கள். கணினிச் சில்லுகளிலும் மென்பொருளிலும் பிழை ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க உருவான உத்தியை அவர்கள் இந்தப் பொம்மைக்குப் பயன்படுத்தினார்கள். 2018இல் மைக்கேல் ஃபோகல்மன் என்ற மென்பொருளாளர் ஆறுக்கு ஆறு தட்டின் சாத்தியங்களை முழுக்கச் சலித்து எடுத்தார். 51 என்ற எண் அங்கிருந்து வருவது.

முடியாது என்று காட்டுவதற்கு எப்போதும் இப்படிச் சலிக்க வேண்டியதில்லை. சிவப்புக் காருக்கு முன்னால் ஒரே நெடுவரிசையில் இரண்டு லாரிகள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்றும் ஆறு. அந்த வரிசை நிரம்பிவிட்டது. அந்த இரண்டும் இனி அசையாது, சிவப்புக் கார் ஒருநாளும் வெளியே வராது. ஒரு நகர்வுகூடச் செய்து பார்க்காமல் முடித்துவிட்டோம். எத்தனை நகர்த்தினாலும் மாறாத ஒரு குணத்தைப் பிடித்துவிட்டால் இப்படி ஒரே வரியில் தீர்ப்பு எழுதலாம். அதை மாறாப்பண்பு என்போம்.

மாறாப்பண்பின் புகழ்பெற்ற வெற்றி பதினைந்துக் கட்டப் புதிரில் நடந்தது. நாலுக்கு நாலு சட்டத்தில் 1 முதல் 15 வரை எண் கட்டைகள், ஒரு காலியிடம். திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக்கில் விற்பார்களே, அதுதான். 1880 வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்குப் பைத்தியமாய் அலைந்தார்கள். எல்லாம் சரியாக இருக்க, 14உம் 15உம் மட்டும் இடம் மாறியிருந்தால் சரிசெய்ய முடியுமா? முடியாது என்று ஜான்சன், ஸ்டோரி என்ற இரு கணிதர்கள் 1879லேயே காட்டிவிட்டார்கள். சட்டத்தைச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்விலும் காலியிடம் நிறம் மாறும். கிளம்பிய மூலைக்கே அது திரும்பி வர இரட்டைப்படை நகர்வுகள் ஆகும். ஒவ்வொரு நகர்வும் காலியிடத்தை ஒரு கட்டையோடு இடம் மாற்றுவதே. ஆக மொத்தம் இரட்டைப்படை இடமாற்றங்கள். 14ஐயும் 15ஐயும் மாற்றுவதோ ஒற்றைப்படை. இரண்டும் சேராது.

புதுச்சேரியில் நின்று நகர்கட்டைப் புதிர் பேசும்போது பிரெஞ்சுக்காரர்களின் 'லான் ரூழ்' என்ற புதிரை விட்டுவிட முடியாது. 'சிவப்புக் கழுதை' என்று பொருள். சீனத்தில் இதுவே ஹுவாரோங் கணவாயில் தப்பியோடும் தளபதியின் கதை. நாலுக்கு ஐந்து கட்டத்தில் பத்துக் கட்டைகள். பெரிய சதுரக் கட்டை கீழ் வாசலுக்கு வர வேண்டும். குறைந்தது 81 நகர்வு. அதன் நிலைவெளியில், ஒரே வடிவக் கட்டைகளை ஒன்றாகவே எண்ணினால், 25,955 ஊர்கள். நான் இதை ஒருமுறை அட்டையில் வெட்டிச் செய்து, இரண்டு வாரம் போராடினேன். பெரிய கட்டை நடுவரை இறங்கி வரும். அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் மறுபடி மேலே ஏறிவிடும்.

வளையம் வளையமாக எல்லாப் பக்கமும் பரவுவது வீண்வேலை அல்லவா, வாசல் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து தேடக்கூடாதா என்று கேட்பீர்கள். அதற்கும் வழி உண்டு. 1968இல் ஹார்ட், நில்சன், ராஃபேல் என்ற மூவர் ஒரு ரோபோவுக்குப் பாதை காட்டுவதற்காக வகுத்த முறை அது; 'ஏ ஸ்டார்' என்பார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து புதுச்சேரி பஸ் நிலையத்துக்கு வழி தேடும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் 'இதுவரை வந்த தூரம், இனி நேர்கோட்டில் மிச்சமுள்ள தூரம்' இரண்டையும் கூட்டிப் பார்த்து, கூட்டல் எங்கே குறைவோ அங்கே அடுத்த அடி. சாலை எவ்வளவு வளைந்தாலும் நேர்கோட்டைவிடக் குறுகாது. மிச்சத்தைக் குறைத்து மதிப்பிட்டாலும் ஒருநாளும் கூட்டி மதிப்பிடாத இந்த எண்ணை வழிகாட்டு மதிப்பு என்று சொல்லலாம். அந்தக் கட்டுப்பாட்டைக் காக்கும் வரை, கிடைக்கும் பாதை மிகக் குறுகியதுதான் என்பது உறுதி.

இந்தப் பாடம் பிள்ளைச்சாவடிக்கு வெளியூர்ச் சரக்கல்ல. 1984இல் புதுவைப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறிய வளாகம் அதே ஈ.சி.ஆர். ஓரத்தில்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு படிக்கும் மாணவர் யாரைக் கேட்டாலும், முதலில் எழுதிப் பார்த்த நிரல்களில் எட்டுக் கட்டப் புதிர் ஒன்றாக இருக்கும். பதினைந்தின் தங்கை அது: மூன்றுக்கு மூன்று. 1,81,440 நிலைகள், எதிலிருந்து கிளம்பினாலும் 31 நகர்வுக்குள் வீடு வந்து சேரலாம். அக்காள் கதையே வேறு. பதினைந்துக் கட்டப் புதிரில் எட்டக்கூடிய நிலைகள் பத்து லட்சம் கோடிக்கும் மேல். மிகத் தொலைவானதற்கு 80 நகர்வு.

ரஷ் ஹவருக்கு வழிகாட்டு மதிப்பு என்ன வைப்பது? வாசலுக்கு முன்னால் மறிக்கும் வண்டிகளை எண்ணி, சிவப்புக் காரின் நகர்வுக்கு ஒன்று கூட்டலாம். தவறில்லை, ஒருநாளும் மிகைப்படுத்தாது. ஆனால் நாம் பார்த்த அந்தப் புதிரில் அது '2' என்று சொல்லும். உண்மை 51. நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டர் என்று சொன்ன ஊருக்கு ஐம்பத்தொரு கிலோமீட்டர் சுற்றிப் போவது போல. வேறு நல்ல வழிகாட்டு மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாப் புதிரும் எளிதாகிவிடுமா?

இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. புதிர்களுக்காகவே பத்தி எழுதிப் புகழ்பெற்ற மார்ட்டின் கார்ட்னர், நகர்கட்டைப் புதிர்களுக்கு ஒரு கோட்பாடே இல்லையே என்று 1964இல் ஆதங்கப்பட்டார். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் கழித்துப் பதில் வந்தது. 2002இல் கேரி ஃப்ளேக், எரிக் பாம் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பின் பின்பாதியைத் தமிழில் சொன்னால், 'கார் நிறுத்துமிட ஊழியருக்கு ஏன் தாராளமாக இனாம் கொடுக்க வேண்டும்' என்று வரும். தலைப்பு இலகுவானது, உள்ளே இருந்த முடிவு கனமானது.

அதைப் புரிந்துகொள்ள, ஆறு கட்டத் தட்டை மறந்துவிட்டு, எவ்வளவு பெரிதாகவும் வளரக்கூடிய தட்டை நினைக்க வேண்டும். சுடோக்கு கடினமாக இருக்கலாம். ஆனால் யாராவது விடையை நீட்டினால் சரியா தவறா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெரிய ரஷ் ஹவரில் விடையே நீட்ட முடியாத அளவுக்கு நீளமாக இருக்கலாம். 1883இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் காசியில் நடப்பதாகக் கதை கட்டி வெளியிட்ட கோபுரப் புதிர் நினைவிருக்கும்: மூன்று முளைகள், அளவு வாரியாக வட்டுகள். பத்து வட்டுக்கு 1,023 நகர்வு, பதினொன்றுக்கு 2,047. ஒரு வட்டு கூடினால் வேலை இரட்டிப்பாகிறது. பெரிய கார் நிறுத்துமிடத்திலும் இப்படிப்பட்ட இரட்டிப்புகளை அடுக்க முடியும். தட்டு கொஞ்சம் பெரிதானால் விடையின் நீளம் பலமடங்கு பெருகும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். நகர்வுகள் எத்தனை கோடியானாலும் அவை நடப்பது அதே தட்டில்தான். புதிய இடம் கேட்பதில்லை. பள்ளிக்கூடச் சிலேட்டு மாதிரி: எழுதி, அழித்து, மறுபடி எழுதி, காலம் எவ்வளவு ஆனாலும் ஒரே சிலேட்டில் முடிக்கக்கூடிய கணக்குகள். கணினியியலில் இந்தக் கணக்குகளின் கூட்டத்துக்கு 'பி-ஸ்பேஸ்' என்று பெயர். நாம் சிலேட்டுக் கணக்குகள் என்றே சொல்லிக்கொள்வோம்.

பெரிய தட்டில் விடை உண்டா இல்லையா என்பதைச் சின்னச் சிலேட்டில் முடிவு செய்யலாம் என்பதே வியப்புதான். வளையத் தேடலுக்குப் பேரேடு வேண்டும்; அந்தப் பேரேடு பூமியளவு வளர்ந்துவிடும். 1970இல் வால்ட்டர் சாவிட்ச் வேறு வழி காட்டினார். 'இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு 1,024 தாவலில் போக முடியுமா?' என்பதற்குப் பதிலாக, 'நடுவே ஏதாவது ஓர் ஊர், இங்கிருந்து 512 தாவல், அங்கிருந்து 512 தாவல் என்று அமைகிறதா?' என்று கேளுங்கள். ஒவ்வொரு பாதியையும் மறுபடி பாதியாக்குங்கள். 1,024 என்ற எண் பத்தே பாதிகளில் ஒன்றாகிவிடும். ஆகவே எந்த நேரத்திலும் சிலேட்டில் பத்து இடை ஊர்களின் பெயர்கள் இருந்தால் போதும். ஒன்று சரிவரவில்லையென்றால் அழித்துவிட்டு அடுத்ததை எழுதலாம். வேலை முடிய யுகங்கள் ஆகலாம். ஆனால் சிலேட்டு நிரம்பாது.

ஃப்ளேக்கும் பாமும் காட்டியது இதன் மறுபக்கத்தை. ரஷ் ஹவர் சிலேட்டுக் கணக்குகளில் ஒன்று மட்டுமல்ல, அவற்றிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. எப்படிக் காட்டினார்கள்? கார்களைக் கொண்டே ஒரு கணினியைக் கட்டினார்கள். இரண்டு பக்கத்துக் கார்களும் ஒதுங்கினால்தான் நடுக்கார் நகர முடியும் என்று ஒரு மூலையை அமைக்கலாம். அது 'இதுவும் அதுவும்' என்ற தர்க்கம். இரண்டில் எது ஒதுங்கினாலும் நகரலாம் என்றால் 'இதுவோ அதுவோ'. நீண்ட வரிசையில் ஒரு கார் ஒதுங்கிய இடத்துக்கு அடுத்தது, அதன் இடத்துக்கு அதற்கடுத்தது என்று காலியிடம் கடத்தப்படுவது மின்கம்பி போல. இந்த மூன்றும் இருந்தால் எந்தச் சிலேட்டுக் கணக்கையும் கார் நிறுத்துமிடமாக உருமாற்றிவிடலாம். கணக்குக்கு விடை 'ஆம்' என்றால் மட்டுமே சிவப்புக் கார் வெளியே வரும். அப்படியானால், எந்தப் பெரிய நிறுத்துமிடத்தையும் சட்டென்று தீர்க்கும் குறுக்குவழி ஒன்று கிடைத்தால், அத்தனை சிலேட்டுக் கணக்குகளும் அதே குறுக்குவழியில் தீர்ந்துவிடும். அப்படியொரு குறுக்குவழி இல்லை என்றே பெரும்பாலான கணினியியலார் நம்புகிறார்கள்; நிரூபணம் இன்னும் யாருக்கும் கைகூடவில்லை.

2005இல் ராபர்ட் ஹெர்ன், எரிக் டிமெய்ன் இருவரும் இதை இன்னும் இறுக்கினார்கள்: எல்லாமே ஒன்றுக்கு இரண்டு அளவுக் கட்டைகள், எந்தத் திசைக் கட்டுப்பாடும் இல்லை என்றாலும் அதே கடினம். 2020இல் டிமெய்னும் கூட்டாளிகளும் இன்னொரு படி போனார்கள். ஒரே கட்ட அளவுக் கார்கள், சில அசையாத் தூண்கள், மொத்தத் தட்டிலும் ஒரே ஒரு காலிக் கட்டம். அப்போதும் கடினம் குறையவில்லை. இதில் ஓர் அழகு உண்டு. பதினைந்துக் கட்டப் புதிரிலும் ஒரே கட்ட அளவு, ஒரே காலியிடம்தான். ஆனால் அங்கே கட்டைகள் இரு திசையிலும் நகரலாம். தீருமா தீராதா என்பதை ஒரு குழந்தைக்கும் எண்ணிச் சொல்லத் தெரியும். சில அசையாத் தூண்களை நட்டு, ஒவ்வொரு கட்டையையும் ஒரு திசைக்குக் கட்டிப்போட்ட மாத்திரத்தில் புதிர் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. கடினம் பிறப்பது கூட்டத்தில் மட்டுமல்ல. விட்டுக்கொடுக்க முடியாத வழித்தடங்களிலும்தான்.

இவ்வளவும் படித்தபின் மறுபடி பிள்ளைச்சாவடிக்குப் போனேன். இந்த முறை மண்டபத்துக்கு அல்ல, கடற்கரைக்கு. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புக் கற்சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கிப் போவது. அது தெற்கிலேயே தடுக்கப்பட்டது. நகரத்துக் கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, மீனவர் குப்பங்களை நோக்கி நகர்ந்தது. பிள்ளைச்சாவடி அந்த வழியில் இருக்கிறது. படகை இழுத்து நிறுத்த மணல் வேண்டும். மணல் குறையக் குறைய, பின்னால் நிற்கும் படகு கடலுக்குப் போக முன்னால் நிற்பது போயாக வேண்டும். காலிக் கட்டம் குறைவது என்றால் என்ன என்பது அங்கே வலையோடு காத்திருப்பவருக்குத் தெரியும். அது விளையாட்டு அல்ல, அன்றைய பிழைப்பு.

காலியிடத்தின் விலையைப் பொறியாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்ட ஓர் இடத்தைச் சென்னை அடுக்குமாடிகளில் காணலாம். 'பசில் பார்க்கிங்' என்ற இயந்திர நிறுத்துமிடங்கள். காரை இரும்புத் தட்டில் ஏற்றிவிட்டு எண்ணை அழுத்தினால், கீழ்த்தட்டுகள் இடம் வலமாக விலக, மேல்தட்டு இறங்கி வரும். மூன்று நெடுவரிசை, இரண்டு அடுக்கு என்றால் ஆறு கார்கள் நிற்கலாம் என்று தோன்றும். ஐந்துக்குத்தான் தட்டு இருக்கும். கீழடுக்கில் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருப்பார்கள். அந்த ஒரு கட்டம் இருப்பதால் தேவைச் சங்கிலி தன் வாலைக் கவ்வவே முடியாது. எந்தக் காரையும் எடுக்க ஓரிரு விலகல் போதும். தேடலும் வேண்டாம், பேரேடும் வேண்டாம்.

அன்று மண்டபத்தில் வாசலைத் தாண்டி ஈ.சி.ஆரில் ஏறுவதற்காக நிற்கும்போது, பின்கண்ணாடியில் பார்த்தேன். வாசலோரத்துச் சின்னக் காரை அண்ணன் மறுபடி அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே வந்துகொண்டிருந்த இன்னொரு வண்டியைக் கைகாட்டி மறித்தார். பிறகு ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, காலியான அந்த இடத்தின் நடுவில் வைத்தார்.